அப்பாவை இரண்டு விதமாக வரைந்தேன்

என் அப்பா அறுபத்தெட்டு வருஷம் உயிரோடு இருந்தார். அதில் ஒரு நாள்கூட அவர் கோட் போட்டதில்லை. மும்பை விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தவருக்குக் கோட் எதற்கு? வேலைக்குக் காக்கிச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெள்ளைச் சட்டை, வீட்டில் சாரம் என்கிற லுங்கி. கல்யாணத்துக்கே ஊரில் வேட்டி சட்டையோடுதான் நின்றாராம். அப்படிப்பட்ட மனிதர் இறந்து பதினோரு மாதம் கழித்து, தாராவியில் ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவின் கம்ப்யூட்டரில் அவர் கழுத்துக்குக் கீழே ஒரு கருப்புக் கோட்டை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்குச் சுர்ரென்று ஏறியது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்களைச் சொல்கிறேன். ஒருவர் போய் ஒரு வருஷம் ஆனால் வீட்டில் நினைவு ஜெபம் வைப்பார்கள். பாஸ்டர் வருவார், பாட்டு, ஜெபம், அப்புறம் சாப்பாடு. அதற்கு முன்னால் சுவரில் படம் ஏறிவிட வேண்டும். படம் என்றால் கோட், டை, கீழே ஒரு வசனம். உயிரோடு இருந்தபோது பனியனோடு திரிந்தவரும், தோல் ஷாப்பில் வேலை பார்த்தவரும், இட்லி விற்றவரும் செத்த பிறகு வக்கீல் மாதிரி ஆகிவிடுவார்கள். எங்கள் சந்திலேயே மூன்று வீட்டில் மூன்று பேர் ஒரே கோட் போட்டிருக்கிறார்கள். இடது பக்கக் காலரில் ஒரு சின்ன மடிப்பு இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்டுடியோக்காரர் எங்கள் பக்கத்து ஆள்தான். அவர் என் கோபத்தைக் கவனிக்காமல், "அக்கா, பேக்ரவுண்டு எது போட? தூணும் திரையும் இருக்கு. இல்லன்னா அருவியும் மேகமும் இருக்கு" என்று இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக நான் பாடம் எடுத்துச் சோறு தின்பது இந்த இரண்டையும் வைத்துத்தான். செம்பூரில், ஓவியக் கல்லூரி மாணவர்களுக்குக் கலை வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஒரு டியூஷன் வகுப்பில் நான் ஆசிரியை. ஐரோப்பிய ஓவியத்தில் நியோகிளாசிக்கல், ரொமான்டிக் என்று இரண்டு பாணிகள் உண்டு. தமிழில் நவசெவ்வியல், கற்பனாவாதம் என்று எழுதுகிறார்கள். இரண்டையும் ஒப்பிடுக என்ற கேள்வி பரீட்சைக்குப் பரீட்சை வந்தே தீரும். என் மாணவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் பெயர் வேறு. முதலாவது 'சீதா வாலா', நேராக நிற்பது. இரண்டாவது 'தூஃபான் வாலா', புயலடிப்பது. நான் எழுதிக் கொடுக்கும் நாலு பக்கக் குறிப்பைவிட அது தெளிவாக இருக்கிறது.

முதல் பாணியில் ஆட்கள் நாடக மேடையில் நிற்பதுபோல் வரிசையாக நிற்பார்கள். பின்னால் தூண், வளைவு. ரோமாபுரிக் கதை, சத்தியம், கடமை. வீட்டுப் பெண்கள் ஓரத்தில் சரிந்து அழுதுகொண்டிருந்தாலும் ஆண்கள் வாளை நீட்டி நிற்பார்கள். ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் கத்தியால் வெட்டியதுபோல் கோடு. தூரிகை பட்ட தடம் எங்கேயும் தெரியாது. இரண்டாவதில் கடல் பொங்கும், கப்பல் உடையும், குதிரை மிரளும். மலைக்கும் மேகத்துக்கும் நடுவே மனிதன் எறும்பு மாதிரி நிற்பான். கோடு கரைந்து வண்ணம் மட்டும் இருக்கும். வரைந்தவனின் கைவேகம் பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியும். அங்கே ஊருக்கான கடமையைப் பற்றிப் பேச்சில்லை. ஒரு ஆளுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் பேச்சு.

பரீட்சைக்கு இரண்டு பக்கமும் சமமாக எழுதச் சொல்வேன். ஆனால் நான் எந்தக் கட்சி என்பது முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். நவசெவ்வியல் எனக்கு ஆகாது. சுண்ணாம்புப் பொம்மை, அரசாங்க விளம்பரம், உயிரில்லாத சவம் என்றெல்லாம் திட்டியிருக்கிறேன். புயல் படத்தைத் திரையில் போடும்போது என் குரலே மாறிவிடும் என்று ஒருத்தி சொல்லிச் சிரித்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் நான்.

அதனால் ஸ்டுடியோவில் சொன்னேன். "தூணும் வேண்டாம், அருவியும் வேண்டாம். கோட் வேண்டவே வேண்டாம். அப்பாவ அப்பாவா விடுங்க."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, நீ சும்மா கெட. தம்பி, கருப்புக் கோட்டே போடுங்க. உள்ள நல்ல வெள்ளச் சட்ட. பளிச்சுன்னு இருக்கட்டும்."

"அம்மா, அப்பா என்னைக்கும்மா கோட் போட்டாரு?"

"இப்ப போடட்டும். யாரு வேண்டாம்னா?"

"ஊரே சிரிக்கும்."

"ஊருல எல்லாரும் போட்டுருக்கானே, எவன் சிரிப்பான்?"

ஆத்திரத்தில், "நானே வரைஞ்சு தாரேன், ஒரு மாசம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. கோபத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

அம்மா தாராவியில் தனியாக இருக்கிறாள். நாங்கள் கோலி என்று சொல்லும் ஒற்றை அறை வீடு. நான் செம்பூரில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. என்னோடு வந்து இரு என்று கூப்பிட்டால், "ஒன் மூணாவது மாடியில நான் யார்கிட்டப் பேசுவேன்? செவுத்துகிட்டயா?" என்பாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவேன். சாப்பிடுவேன், சண்டை போடுவேன், சாயங்காலம் திரும்பிவிடுவேன். அதுவே பெரிய கடமை என்று எனக்கு நினைப்பு.

இரண்டு வாரம் உட்கார்ந்து அப்பாவை வரைந்தேன். எண்ணெய் வண்ணம், மூன்றடி உயரம், இரண்டடி அகலம். சின்ன வயதில் ஒரு மழைக்காலத்தில் அவரோடு சயானிலிருந்து விக்ரோலிக்கு லோக்கல் ட்ரெயினில் போனது எனக்குள் அப்படியே இருந்தது. வாசலில் நின்று கம்பியைப் பிடித்திருக்கிறார். காட்கோபர் தாண்டியதும் மழை. காற்றில் சட்டை உப்பிப் பறக்கிறது. மேலே முழுக்கக் கருமேகம். முகம் பாதி வெளிச்சத்திலும் பாதி அந்த மேகத்தின் நிழலிலும் கரைந்து கிடக்கிறது. கீழே, நனைந்த தரையில் பட்டுத் தெறிக்கும் மஞ்சள் வெளிச்சம். நானே சொல்லிக்கொள்ளக்கூடாது, ஆனால் சொல்கிறேன், நன்றாக வந்திருந்தது. வகுப்பில் காட்டினேன். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். "மிஸ், ஏக்தம் தூஃபான்!"

டாக்ஸியில் வைத்துத் தாராவிக்குக் கொண்டுபோனேன். சந்து முனையிலிருந்து தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அம்மா முன்னால் நிறுத்தி, சுற்றியிருந்த துணியை எடுத்தேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பக்கத்தில் வந்தாள், தள்ளிப் போனாள். "ஒரே பொகையாக் கெடக்கே" என்றாள்.

"பொகை இல்லம்மா, மேகம்."

"நடுவுல என்னது? மரமா?"

என் முகத்தில் எச்சில் துப்பியது மாதிரி இருந்தது. அம்மாவின் வாய் எங்கள் சந்தில் பிரசித்தம். குத்திக் காட்ட வேண்டும் என்றால் நெல்லில் உமி உரிப்பது மாதிரி உரித்துவிடுவாள். கோட்டுக்கு நான் சம்மதிக்காததற்குப் பழிவாங்குகிறாள் என்று முடிவு கட்டினேன். அப்புறம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பாடம் எடுத்தேன். ஸ்டுடியோ படத்தில் இருப்பது பிணம், இதில் இருப்பது மனுஷன் என்றேன். கோடு போட்டு அடைப்பது பயந்தவர்கள் வேலை, உணர்ச்சிக்கு எல்லை கிடையாது என்றேன். கலை என்றால் என்ன என்று உனக்கு எப்படித் தெரியும் என்றுகூடக் கேட்டேன்.

அம்மா எதிர்த்துப் பேசவில்லை. "சரிட்டி. நீ கஷ்டப்பட்டு வரஞ்சிருக்க. வச்சிட்டுப் போ. நான் மாட்டிக்கிடுதேன்" என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிறவள் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது படம் சுவரில் தொங்கியது. காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் அவளே மாட்டியிருக்கிறாள். அப்பாவின் கால் மேலே, தலை கீழே. கருமேகம் தரையில் கிடந்தது. அப்பா வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லணும். அதுக்கு இப்படியா அசிங்கப்படுத்துவ? செத்துப்போன மனுஷன இப்படியா தொங்கவிடுவ?"

அரிசி களைந்துகொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்தாள். "என்னட்டி செஞ்சேன்?"

"என்ன செஞ்சியா? தலைகீழா மாட்டி வச்சிட்டு என்ன செஞ்சேன்னு கேக்க?"

அம்மா கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினாள்.

"தலகீழாவா கெடக்கு?" என்றாள். "வெளிச்சமா இருக்க பக்கம் மேல வரும்னு நெனச்சேன். வானம்னு நெனச்சேன்."

தெருவில் ஒருத்தன் பூண்டு விற்றுக்கொண்டு போனான். செருப்பைக் கழற்றிவிட்டு அவள் முகத்துக்குக் கிட்டே போனேன்.

"அம்மா, ஒனக்குக் கண்ணு தெரியலயா?"

"தெரியும். ஒன்னுமே தெரியாமயா சோறு பொங்குதேன்? இருட்டு எது, வெளிச்சம் எதுன்னு தெரியும். பெருசு பெருசாத் தெரியும். உள்ளாற இருக்கது தெரியாது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். ஒங்கப்பாவுக்குத் தெரியும். அவருதான் கோயிலுக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாரு. நாந்தான் ஒங்கிட்டச் சொல்லாண்டாம்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"ஏம்மா?"

"சொன்னா நீ என்ன அந்த மூணாவது மாடியில கொண்டு போய் வச்சிருவ. இங்கன எனக்கு எல்லாம் கைக்குத் தெரியும். அங்கன எனக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதெல்லாம் அப்போது ஒவ்வொன்றாக வந்து நின்றது. பைபிளை வாசிப்பதை விட்டுவிட்டு ஃபோனில் கேட்க ஆரம்பித்தது. எழுத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டான் என்று திட்டியது. உப்பை விரலால் தொட்டுத் தொட்டுப் போட்டது. ஸ்டுடியோவிலிருந்து வெளியே வரும்போது என் கையை இறுக்கியது. ஞாயிறு தவறாமல் வந்து எதிரே உட்கார்ந்து தின்றவள் நான். பார்ப்பது எப்படி என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கிணற்றில் விழுந்திருக்கிறேன். சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். அம்மாதான், "ஏ கோட்டி, எதுக்கு அழுத? ஒனக்கா கண்ணு போச்சு?" என்று திட்டினாள்.

அப்புறம் கோட் விஷயத்தைச் சொன்னாள். "எதுத்த வீட்டு அண்ணாச்சி படம் இருக்குல்லா, அது எனக்குத் தெரியுது. கோட்டு கருப்பு, சட்ட வெள்ள. அதுக்கு மேல மொகம். எங்கன ஆரம்பிக்குன்னு கண்டுபுடிச்சிருவேன். ஒங்கப்பாவயும் அப்படி வச்சா, இருக்க கண்ணுக்குக் கொஞ்ச நாளு பாத்துக்கிடலாம்னு நெனச்சேன். வேற எனக்கு அந்தக் கோட்டுல என்ன இருக்கு?"

திங்கட்கிழமை வகுப்பை விட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரை நோய் கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரையைக் கெடுத்திருக்கிறது என்றார். இடது கண் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வலது கண்ணில் கொஞ்சம் இருக்கிறது. ஊசி போட்டு அதைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம். போனது திரும்பாது. எவ்வளவு காலம் என்று கேட்டேன். மாதக் கணக்கில் பேசுவோம், வருஷக் கணக்கில் வேண்டாம் என்றார். அம்மாவுக்கு ஹிந்தி நன்றாகத் தெரியும். நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

திரும்பி வரும்போது டாக்ஸியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "படத்துக்கு எத்தன நாளு இருக்கு?"

"பத்து நாள்."

"ஸ்டுடியோக்காரன்கிட்டச் சொல்லிருவோமா?"

"வேண்டாம். நானே வரையுதேன். ஒனக்குத் தெரியிற மாதிரி வரையுதேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது. வெள்ளைச் சார்ட் தாள், கட்டை விரல் தடிமனுக்குக் கருப்பு மார்க்கர். வண்ணம் கிடையாது, நிழல் கிடையாது, பாதி மறைந்த முகம் கிடையாது. கோடு மட்டும். பதினெட்டு வருஷம் நான் சவம் என்று திட்டிய அதே பாணி. வகுப்பு முடிந்ததும் தினமும் தாராவிக்கு ஓடினேன். தாளைத் தரையில் விரித்து முட்டி போட்டு உட்கார்ந்தால் கை எழவில்லை.

கோடு போடுவதென்றால் முடிவெடுப்பது. கன்னம் இங்கேதான் முடிகிறது, காது இங்கேதான் தொடங்குகிறது என்று சத்தியம் பண்ணுவது. மேகத்தில் அந்தத் தொல்லை இல்லை. தெரியாத இடத்தில் கொஞ்சம் நிழலைப் பூசிவிட்டால் அழகாகிவிடும். நான் ட்ரெயின் படத்தில் அப்பாவின் காதை மழையில் கரைத்திருந்தேன். தாடையை மேகத்தில் விட்டிருந்தேன். அதையெல்லாம் உணர்ச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தாள் முன்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அங்கெல்லாம் என் அப்பா எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் படத்தில் இருந்தது என் மழை, என் ட்ரெயின், என் சின்ன வயது. அவரைச் சும்மா வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். அதற்காகப் புயல் ஓவியர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்குக் காதும் தாடையும் தெரிந்திருந்தது, தெரிந்துதான் கரைத்தார்கள். நான் தெரியாமல் கரைத்தேன்.

"அம்மா, அப்பா காது எப்படி இருக்கும்?"

"நாப்பத்தி ரெண்டு வருசம் அப்பா அப்பான்னு கூப்புட்ட. காதப் பாக்கலயாட்டி?"

"சொல்லும்மா."

அவள் என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். காது பெருசு. மேல் நுனி கொஞ்சம் வெளியே வளைந்திருக்கும். கீழ்ச் சதை முகத்தோடு ஒட்டியிருக்கும், தொங்காது. இடது புருவத்தில் நடுவே முடி கிடையாது, மெஷினிலிருந்து தெறித்த இரும்புத் துண்டு பட்ட இடம். மூக்கு நேராக வந்து கடைசியில் கொஞ்சம் வலது பக்கம் சாயும். கீழுதடு மேலுதட்டைவிடத் தடிப்பு. "பேச வாரதுக்கு முன்னால அத மடிச்சுக்கிடுவாரு. எங்கிட்டச் சண்டைக்கு வரும்போது நான் அந்த ஒதட்டத்தான் பாப்பேன்" என்றாள். கண் தெரியாதவள் சொல்லச் சொல்ல, கண் தெரிந்தவள் வரைந்தேன். தப்பாகப் போட்டால் அவளுக்குத் தெரியாதுதான். ஆனாலும் நான் தாளை மாற்றி மாற்றித் திரும்பப் போட்டேன். ஒன்பது தாள் கிழித்தேன்.

வகுப்பில் அந்த வாரம் பாடம் தடுமாறியது. பழைய குறிப்பில், நவசெவ்வியலில் கோடு உணர்ச்சியை அடக்குகிறது என்று எழுதி வைத்திருந்தேன். வாசித்துக்கொண்டே வந்தவள் அந்த வரியில் நின்றுவிட்டேன். ஒரு மாணவன், "மிஸ், க்யா ஹுவா?" என்றான். இந்த வரியை அடித்துவிடுங்கள் என்றேன். அதற்குப் பதில் என்ன எழுத என்று கேட்டான். ஊர் கூடும் பெரிய கூடத்தில் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் இன்னார் இன்னாரென்று தெரிய வேண்டும் என்று நினைத்து ஒருவன் வரைந்தால் அவன் கோடு போடத்தான் செய்வான் என்றேன். பரீட்சைக்கு இது வருமா என்றான். வராது என்றேன். அவன் எழுதிக்கொள்ளவில்லை.

கடைசியாகக் கோட். "போடவா?" என்று கேட்டேன்.

"போடு. அது இல்லாட்டி எனக்கு வழி தெரியாது."

தோளிலிருந்து கீழே இரண்டு பக்கமும் நேர்க்கோடு இறக்கி, உள்ளே முழுக்கக் கருப்பு மை அடித்தேன். நடுவில் வெள்ளையாக ஒரு முக்கோணம் விட்டேன், அது சட்டை. வரைந்து முடித்தபோது கோட் போட்ட அப்பா எனக்குக் கேலியாகத் தெரியவில்லை. அது அவரை ஒரு இடத்தில் நிற்க வைத்தது, அவ்வளவுதான்.

தாளைச் சுவரில் ஒட்டி, பல்பைத் திருப்பி வெளிச்சம் விழ வைத்தேன். அம்மா மூன்றடி தள்ளி நின்றாள். தலையை இடது பக்கம் சாய்த்து வலது கண்ணின் ஓரத்தால் பார்த்தாள். முன்னால் வந்தாள், பின்னால் போனாள். முதலில் கருப்பைப் பிடித்தாள், அதிலிருந்து வெள்ளைக்கு ஏறினாள், அதிலிருந்து தாடைக்கு. விரலை நீட்டிக் காற்றிலேயே அந்த வழியைப் போட்டுக் காட்டினாள். புருவத்தில் வந்து விரல் நின்றது. இரண்டு துண்டாக இருந்த அந்தப் புருவத்தில்.

"இந்தாருக்காரு" என்றாள்.

நான் அடுப்புப் பக்கம் போய்ப் பால் காய்ச்சுகிற மாதிரி நின்றுகொண்டேன்.

நினைவு ஜெபத்தன்று வீடு நிறைந்து சந்து வரைக்கும் ஆள் நின்றது. எதிர்த்த வீட்டு அக்கா படத்தைப் பார்த்துவிட்டு என் காதில், "கார்ட்டூன் மாரில்லா இருக்கு?" என்றாள். ஸ்டுடியோக்காரர் மட்டும் தொழில்முறையில் கிட்டே போய்ப் பார்த்து, "கோட்டு அளவு கரெக்டா இருக்குக்கா. எங்கிட்டயே விட்டிருந்தா டை ஒண்ணு ஃப்ரீயாப் போட்டிருப்பேன்" என்றார். பாட்டு நடக்கும்போது அம்மா படத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என்ன தெரிகிறது, எவ்வளவு தெரிகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாட்டின் நடுவில் ஒரு இடத்தில் படத்தைப் பார்த்து லேசாக முகத்தைச் சுளித்தாள். அவரோடு சண்டை போடும்போது போடுகிற சுளிப்பு அது.

மூன்று மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். நான் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, இன்னும் ஒரு படம் வரையணும்" என்றாள்.

"யாரையும்மா?"

"ஒன்னத்தான்."

சிரித்துவிட்டேன். "நான் குத்துக்கல்லு மாதிரி முன்னால நிக்கேன். எனக்கு எதுக்குப் படம்?"

"நிக்க. சத்தம் கேக்கு. வாசம் தெரியுது. மொகம் தெரியலட்டி." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. "ஒங்கப்பா போயிட்டாரு, அவரு மொகம் இனி மாறாது. எனக்குள்ள பத்திரமாக் கெடக்கு, படம் இல்லாட்டியும் போவாது. நீ மாறிட்டே இருப்பல்லா? நான் கடைசியா ஒன்ன ஒழுங்காப் பாத்து ரெண்டு வருசமாச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ பேசும்போது நான் அந்தப் பழைய மொகத்தத்தான் வச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன். இருக்க கண்ணு போவதுக்குள்ள இப்ப இருக்கத ஒரு தடவ பாத்துருதேன்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"அழகா வரஞ்சிராத" என்றாள். "உள்ளத உள்ளபடி வரையி. கண்ணுக்குக் கீழ சுருக்கம் வுழுந்திருந்தா அதையும் போடு. எங்கிட்ட ஒளிக்காத."

மிச்சமிருந்த ஒரு தாளைப் பீரோக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மார்க்கரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே வந்து, என் பின்னால் நின்றாள்.

"முடி நரச்சிருச்சா?"

"ஆமாம்மா."

"எவ்வளவு?"

நரைத்த இடத்தையெல்லாம் வெள்ளைத் தாளாகவே விட்டுவிட்டு, மீதியை மட்டும் வரைய ஆரம்பித்தேன். கருப்பு அதிகம் தேவைப்படவில்லை.